நீலப் பென்சிலும் நாலு இட்லியும்

அஞ்சாம் வகுப்பில் என்னோடு பலகை போட்டு உட்கார்ந்தவர்களே, டீச்சரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடு, நம் பள்ளிக்கூட விழா மலரில் போடுகிறோம் என்று கேட்டீர்கள். எழுதியிருக்கிறேன். இரண்டு பக்கத்தில் அடங்கவில்லை. போடுவதா வேண்டாமா என்று படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். எனக்கு நளினமாக எழுத வராது. மளிகைக் கடைக் கல்லாவில் உட்கார்ந்தே தலை நரைத்தவள் நான். சரக்கு இது, பிடித்தால் எடு, பிடிக்காவிட்டால் நடையைக் கட்டு. அப்படித்தான் பேசுவேன், அப்படித்தான் எழுதவும் வரும்.

நாம் படித்த பள்ளிக்கூடத்தில் இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு நோட்டு வாங்கிக் கொடுத்து, தினமும் மனதில் பட்டதை எழுதச் சொல்லலாம் என்று நம் வாட்சப் குழுவில் ஒரு மாதமாகப் பேசுகிறீர்கள். டீச்சர் தொடங்கி வைத்ததை நாம் தொடர வேண்டும் என்றீர்கள். நல்ல காரியம். நானும் என் பங்கைத் தருகிறேன் என்றேன். அதற்குப் பிறகு நேற்று நம்மில் ஒருவர் ஒரு செய்தி போட்டார். விழாவுக்குப் பெரிய மனிதர்கள் வருகிறார்களாம். பிள்ளைகள் எழுதுவது கோணல்மாணலாக இருக்குமாம். கையெழுத்து நன்றாக இருக்கிற நாலு பிள்ளைகளை வைத்து எல்லா நோட்டையும் திருத்தி மறுபடி எழுதி, அதாவது ஃபேர் பண்ணி, மேசையில் அடுக்கிவிட்டால் பார்வைக்கு அழகாக இருக்குமாம். அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல், கைகூப்பு, ரோஜாப்பூ.

ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. அதற்கப்புறம் வெட்கமாக இருந்தது. வெட்கம்தான் இன்னும் போகவில்லை.

உங்களுக்கு மறந்திருக்கும், நான் ஞாபகப்படுத்துகிறேன். அந்த வருஷம் ஐப்பசி மழை விடவே இல்லை. பள்ளிக்கூடத்து ஓட்டுக் கூரை அங்கங்கே ஒழுகும். ஒழுகாத இடமாகப் பார்த்துப் பலகையை நகர்த்திக்கொண்டே இருப்போம். ஈரப் பை, ஈரப் பாவாடை, எண்ணெய் வைத்த ஈரத் தலை. வகுப்பு முழுக்க நனைந்த ஆட்டின் வாடை. ஜன்னலில் செஞ்சிக் கோட்டை மலை பாதிதான் தெரியும், மேல் பாதி மேகத்துக்குள் போயிருக்கும். அந்த மழையில்தான் டீச்சர் வந்தார். வெளியூர். கல்யாணம் ஆகவில்லை. வேலையும் அப்போது நிரந்தரம் ஆகவில்லை. அதெல்லாம் நமக்குப் பிறகுதான் தெரியும். நமக்குத் தெரிந்தது அவர் கையில் இருந்த பென்சில். ஒரு முனை சிவப்பு, மறு முனை நீலம். அப்படி ஒரு பென்சிலை அதற்கு முன் நாம் கண்டதில்லை.

வந்த வேகத்தில் நம்மை உயரம் பார்த்து உட்காரவைத்தார். அதுவரை எப்படி உட்கார்ந்திருந்தோம் என்று உங்களுக்கே தெரியும். கடைத்தெருப் பிள்ளைகள் முன்னால், காலனிப் பிள்ளைகள் பின்னால் சுவரோரம். அப்படி உட்காரு என்று யாரும் சொன்னதில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொன்னதில்லை. உயரம் பார்த்ததில் நான் குள்ளம், சிங்கவரம் சாலைக் காலனியிலிருந்து நடந்து வருகிறவள் என்னைவிடக் குள்ளம். இரண்டு பேருக்கும் முதல் பலகை.

"யாரு பக்கத்துல உக்கார்ற?" என்று அப்பா, எங்கள் பேச்சில் நைனா, வீட்டில் கேட்டார்.

"பொண்ணுங்க பக்கத்துல" என்று சொல்லித் தப்பித்தேன்.

அவளை இங்கே பலகைக்காரி என்று சொல்கிறேன். பெயர் உங்களுக்குத் தெரியும். நம் குழுவிலும் இருக்கிறாள். ஒரு நாளும் ஒரு வார்த்தை போட்டதில்லை.

டீச்சர் நம் எல்லோருக்கும் ஒரு கோடு போட்ட நோட்டு கொடுத்தார். பழுப்பு அட்டை. எங்கள் கடையில்தான் வாங்கினார். எங்கள் கடையிலிருந்து போன நோட்டு எங்கள் கடைக்கே திரும்பி வரும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்.

"இதுல தப்புன்னு ஒண்ணு கெடையாது" என்றார். "எழுத்துப் பிழை பாக்க மாட்டேன். மார்க் போட மாட்டேன். நேத்து நடந்தத எழுதுங்க. வீட்ல எப்படிப் பேசுவீங்களோ அப்படியே எழுதுங்க."

நாம் நம்பவில்லை. எழுதுவது என்றால் நமக்குக் கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதுவது. சொந்தமாக எழுது என்றால் ஆற்றில் இறங்கு என்று சொன்ன மாதிரி எல்லோரும் கரையிலேயே நின்றோம். முதல் நாள் முக்கால்வாசிப் பேர் தேதியை எழுதிவிட்டுப் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தோம்.

டீச்சர் திட்டவில்லை. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் எல்லா நோட்டையும் மடியில் வைத்துக்கொண்டு படிப்பார். படித்துவிட்டு நீல முனையால் கீழே ஒரே ஒரு கேள்வி எழுதுவார். சிவப்பு முனை கணக்கு நோட்டுக்கு மட்டும். மறுநாள் நாம் செய்ய வேண்டியது அந்தக் கேள்விக்குப் பதில் எழுதுவது. அவ்வளவுதான். "மழை பெய்தது" என்று ஒருவன் எழுதினால் "எங்கே ஒதுங்கினாய்?" என்று கேட்டிருப்பார். "மாடு கன்னு போட்டுச்சு" என்றால் "எழுந்து நிற்க எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டிருப்பார். கன்று எழுந்ததைப் பார்க்காத அந்தப் பயல், பக்கத்துத் தெருவில் எவன் வீட்டு மாடு கன்று போடும் என்று கார்த்திகை முழுக்க அலைந்தான்.

நம்மில் ஒருத்தன் தினமும் "நேற்று ஒன்றும் நடக்கவில்லை" என்றே எழுதினான். டீச்சரும் விடவில்லை. "ஒன்றும் நடக்காமல் எப்படி ராத்திரி வந்தது?" என்று எழுதினார். அவன் கோபத்தில் காலையிலிருந்து ராத்திரி வரை நடந்ததை மூன்று பக்கத்துக்கு எழுதித் தள்ளினான். அந்த ஆள்தான் இன்றைக்குக் காலை ஐந்து மணிக்கே குழுவில் குட் மார்னிங் போட்டு நம் உயிரை எடுப்பவர். டீச்சரைத்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு ஒரு நாள் "உங்கள் கடையில் எதன் வாசனை பெரியது?" என்று கேட்டிருந்தார். அன்று சாயங்காலம் ஒவ்வொரு மூட்டையாகக் குனிந்து மோந்து பார்த்தேன். மிளகாய்க்கு வாசனையே இல்லை, தும்மல்தான் உண்டு. வெல்லம் பக்கத்தில் போனால்தான் மணக்கும். பெருங்காயம் தூரத்திலிருந்தே கூப்பிடும். மண்ணெண்ணெய் டின் எல்லாவற்றையும் அடித்துப் போட்டுவிடும்.

"இன்னாடி, நாய் மாதிரி மோந்துகினு கெடக்குற?" என்றார் நைனா.

"இஸ்கூல் வேல நைனா."

"மோந்து பாக்கறதுக்கெல்லாம் இஸ்கூலா? நல்லா இருக்குது."

ஆனால் போகும்போது அவரும் மல்லி மூட்டையைக் குனிந்து மோந்துவிட்டுத்தான் போனார். அதையும் எழுதினேன்.

பலகைக்காரி ஒரு நாளைக்கு ஒரு வரி எழுதுவாள். அதற்கு மேல் எழுத மாட்டாள். எழுதும்போது இடது கையை வளைத்து மறைத்துக்கொள்வாள். அவளுக்கு அம்மா இல்லை. அதற்கு முந்தின கோடையில் கடலைக்காய் பிடுங்கப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்பவில்லை. வீட்டில் ஒரு போட்டோ கிடையாது. டீச்சர் அவளிடம் அம்மாவைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டு வந்தார், ஒரு நாளைக்கு ஒன்று. அம்மா நடந்து வந்தால் எந்தச் சத்தம் கேட்கும்? அம்மாவுக்கு எந்த மரம் பிடிக்கும்? கேள்வி எனக்குத் தெரியும், ஏனென்றால் நீல எழுத்து பெரிதாக இருக்கும். பதில் அவள் கைக்கு அடியில் இருக்கும்.

"காட்டுடி."

"மாட்டேன்."

"நான் என்னுத காட்டினேன் இல்ல?"

"உன்னுதுல மல்லி மூட்ட தானே இருக்குது."

அந்த நோட்டு கைக்கு வந்தால் பெல் அடித்தாலும் எழுந்திருக்க மாட்டாள். அது வரைக்கும் வகுப்பில் வாய் திறக்காதவள், கார்த்திகை முடிவதற்குள் சத்தமாகப் பாடம் படித்தாள், என்னைக் கிண்டல் செய்தாள். எழுதினால் பிள்ளைகள் மாறுவார்கள் என்று இப்போது நீங்கள் குழுவில் போடுகிற கட்டுரைகளை நான் படிப்பதில்லை. கண்ணால் பார்த்தவளுக்குக் கட்டுரை எதற்கு.

இதுவரைக்கும் உள்ளதை மலரில் போட உங்களுக்கு ஆட்சேபணை இருக்காது. இனிமேல்தான் இருக்கிறது.

மார்கழியில் இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. ஆபீசருக்கு நம் நோட்டு சமாச்சாரம் முன்பே தெரிந்திருந்தது. டீச்சரே ஏதோ ஒரு கூட்டத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். சின்ன வயசு, சொல்லாமல் இருக்க முடியவில்லை. "அந்த நோட்டையெல்லாம் பாக்கணும், எடுத்து வைங்க" என்று ஆபீசர் சொல்லியனுப்பிவிட்டார். அன்றைக்குத்தான் பெரிய சார், அதாவது நம் எச்.எம்., முதல் தடவையாக நம் நோட்டுகளைத் திறந்தார்.

திறந்தவர் முகம் போன போக்கு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. "நைனா குடிச்சிட்டு வந்து அண்டாவ ஒதச்சாரு." "டீச்சர் கொட்டாவி வுட்டாங்க." "பெரிய சார் பொடி போட்டு தும்மினாரு, செவுத்துல மேப்பு ஆடுச்சு." இதில் எதுவும் பொய் இல்லை. மேப்பு நிஜமாகவே ஆடும்.

வகுப்பு வாசலில் நின்று டீச்சரிடம் மெதுவாகத்தான் பேசினார். முதல் பலகையில் இருந்த எங்களுக்குக் கேட்டது.

"இது இன்னாம்மா இது? ஒரு வரி ஒழுங்கா இருக்குதா? பிழை, கொச்சை, வீட்டு அசிங்கம். இத அவரு பாத்தா என்ன நெனப்பாரு?"

"சார், இது பாடம் இல்ல சார். அவங்க பேச்சு."

"பேச்சு வாயில இருக்கட்டும்மா. நோட்டுல தமிழ் இருக்கணும்."

டீச்சர் கையிலிருந்த பென்சிலை உருட்டினார்.

"உன் வேல இன்னும் பர்மனென்ட் ஆகல. ரிப்போர்ட் எழுதப் போறவரு அவரு. நான் உன் நல்லதுக்குச் சொல்றேன்" என்றார் பெரிய சார். நல்லதுக்குத்தான் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நம்மைச் சுற்றி இருந்த பெரியவர்கள் எல்லோரும் நல்லதுக்கே எல்லாம் செய்தார்கள்.

புது நோட்டு வந்தது. கையெழுத்து நன்றாக இருந்த ஆறேழு பேரைப் பொறுக்கினார்கள். நான் ஒருத்தி. உங்களிலும் சிலர். நமக்கு ஒரே பெருமை. மற்றவர்கள் கைகட்டிப் பார்க்க, அவர்கள் நோட்டை நாம் எழுதினோம். ஆபீசர் பார்ப்பதற்குள் ஒரு மாதக் கணக்கு எழுத வேண்டும். ஆளுக்கொரு வாழ்க்கைக்கு நேரம் ஏது? டீச்சர் கரும்பலகைக்கு முதுகைக் காட்டி நின்று சொல்லச் சொல்ல, எல்லோர் நோட்டிலும் ஒரே மாதிரி எழுதினோம். தேதி மட்டும் மாறும்.

"நான் காலையில் எழுந்தேன். பல் துலக்கினேன். இறைவனை வணங்கினேன். அம்மா அன்புடன் இட்லி கொடுத்தார். உண்டு மகிழ்ந்தேன்."

இட்லியாம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தவிர எங்கள் கடை வீட்டிலேயே இட்லி கிடையாது. பாதிப் பேர் காலையில் கேழ்வரகுக் கூழ் குடித்துவிட்டு வந்தவர்கள். மீதிப் பேர் அதுவும் இல்லாமல் வந்தவர்கள். நோட்டில் பார்த்தால் செஞ்சியே தினம் இட்லி தின்றது.

பலகைக்காரியின் நோட்டு என் கைக்கு வந்தது. "அம்மா" என்று எழுதிவிட்டு நிறுத்தினேன். கையைத் தூக்கினேன்.

"டீச்சர், இவளுக்கு அம்மா இல்ல டீச்சர்."

டீச்சருக்குத் தெரியாதா என்ன? நம் எல்லோரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எழுதும்மா. எல்லாருக்கும் ஒண்ணுதான்."

எழுதினேன். அழகாகவே எழுதினேன். பலகைக்காரி என் தோளுக்கு மேலே எட்டி என் பேனா போகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மாவுக்கு இட்லி ஊத்தவே தெரியாது" என்றாள். யாரிடமும் சொல்லவில்லை. நோட்டிடம் சொன்ன மாதிரி சொன்னாள்.

ஆபீசர் வந்த அன்று வாசலில் தண்ணீர் தெளித்து, கோலம் போட்டு, மாவிலை கட்டி, ஒழுகுகிற இடத்துக்கு நேரே ஒரு பூச்சாடி வைத்திருந்தார்கள். அவர் கெட்டவராகத் தெரியவில்லை. சிரித்த முகம். நோட்டுகளைப் புரட்டினார், அருமை என்றார். நடுவிலிருந்து ஒன்றை உருவி அட்டையில் இருந்த பெயரைப் படித்தார். பலகைக்காரி எழுந்து நின்றாள்.

"கையெழுத்து முத்து முத்தா இருக்குதே. இன்னிக்கும் அம்மா இட்லி குடுத்தாங்களா?"

பெரிய சார் கையில் பொடி மட்டை. டீச்சர் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். பலகைக்காரி டீச்சரைப் பார்த்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன், எனக்குத் தெரியும். ஆபீசரைப் பார்க்கவில்லை, டீச்சரைப் பார்த்தாள். அதற்கப்புறம் சொன்னாள்.

"குடுத்தாங்க சார்."

"எத்தன?"

"நாலு சார்."

"நாலா? குடுத்து வெச்சவ நீ" என்று அவள் தலையில் தட்டிவிட்டுச் சிரித்தார். பெரிய சார் சிரித்தார். பெரிய சார் சிரித்ததும் நாம் எல்லோரும் சிரித்தோம். மாட்டிக்கொள்ளாமல் தப்பித்த சிரிப்பு. நான் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். இல்லை என்று யாராவது சொல்வதானால் நேரில் வந்து சொல்லுங்கள்.

ரிப்போர்ட் நன்றாகப் போனது. டீச்சருக்கு வேலை நிரந்தரம் ஆனது. எல்லோருக்கும் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். நீல முனை அதோடு நின்றது. வாரத்துக்கு ஒரு நாள் புது நோட்டில் கரும்பலகையைப் பார்த்து எழுதினோம், சிவப்பில் சரி போட்டுத் திருப்பிக் கொடுத்தார் டீச்சர்.

பழைய நோட்டுகள் சாக்கில் கட்டி பெரிய சார் அறையில் கிடந்தன. நாம் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. பலகைக்காரி கேட்டாள்.

"டீச்சர், என் பழைய நோட்டு."

"தரேன்மா."

மறுநாளும் கேட்டாள். "சார் ரூம்ல இருக்குது, தரேன்மா." அதற்கு மறுநாளும் கேட்டாள். டீச்சர் அவளைக் கண்டாலே சாக்பீஸ் எடுக்கப் போவது போல நகர்ந்துவிடுவார். ஒரு பத்து வயசுப் பெண்ணுக்குப் பயந்து ஒரு டீச்சர் ஒதுங்கிப் போனதை நான் பார்த்தேன். அப்போது அது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

போகி வந்தது. ஊரே வீட்டை ஒழித்துப் பழசைக் கழித்தது. பெரிய சாரும் அறையை ஒழித்தார். எரித்திருந்தால்கூடத் தேவலை. சிக்கனமான மனுஷன், பழைய பேப்பர் விலைக்குப் போட்டுவிட்டார். எங்கள் கடைக்கு.

எங்கள் வீட்டில் பொங்கல் கழிந்தால் தை அமாவாசைக்குத் தயாராவோம். மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற கூட்டம் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஏறும். கற்பூரம், மஞ்சள், பொரி, வெல்லம் எல்லாம் பொட்டலமாகப் போகும். அதற்குத் தாள் வேண்டும். அம்மா பழைய நோட்டுகளைப் பின் பிடுங்கி, அரிவாள்மணையில் வைத்து இரண்டாக அறுத்து, கட்டுக் கட்டாக அம்மிக் குழவிக்கு அடியில் வைப்பாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அவளுக்கு அது தாள். நான் அமாவாசை அன்று காலையில் கடைக்குப் போனபோதுதான், நைனா கைக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த கட்டில் நீல எழுத்தைப் பார்த்தேன்.

கூட்டம் நெரிகிறது. நைனா தாளை எடுப்பார், கூம்பாகச் சுருட்டுவார், கொட்டுவார், மடிப்பார், கூரையிலிருந்து தொங்கும் நூலை இழுத்து இரண்டு சுற்றுச் சுற்றி அறுப்பார். கண் இமைப்பதற்குள் ஒரு பொட்டலம். "எழுந்து நிற்க எவ்வளவு நேரம் ஆச்சு?" என்ற கேள்வியில் பொரி போனது. என் மல்லி மூட்டையில் மஞ்சள் கிழங்கு போனது. அடுத்த தாளில் அந்தக் குட்டிக் குட்டி எழுத்து. பலகைக்காரியுடையது. ஒரே வரி. அந்த ஒரு வரியைப் படிக்கிற நேரம்தான் கிடைத்தது. கையை நீட்டினேன்.

"கூட்டத்துல இன்னாடி கைய நீட்ற? போய் வெல்லம் ஒட" என்றார் நைனா. அந்தத் தாளில் கற்பூரத்தைக் கொட்டி நூல் சுற்றி ஒரு மஞ்சள் புடவைக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

நான் கடையை விட்டு ஓடினேன். பஸ் ஸ்டாண்டு வரை ஓடினேன். ஸ்பெஷல் பஸ்கள் வரிசையாக உறுமிக்கொண்டு நின்றன. ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தேன். அமாவாசை அன்று எல்லோரும் மஞ்சள் புடவைதான். எந்த மஞ்சள் புடவை என்று கண்டேன்? திரும்பி வந்து வெல்லம் உடைத்தேன்.

சாயங்காலம் கூட்டம் கலைந்ததும் மிச்சக் கட்டைத் தேடினேன். அவளுடையதில் ஒரே ஒரு அரைத் தாள் கிடைத்தது. அதில் அவள் எழுத்து இல்லை. டீச்சரின் நீலக் கேள்வி மட்டும் இருந்தது. "தலை வாரும்போது அம்மா என்ன சொல்வார்?" பதில் கற்பூரத்தோடு மேல்மலையனூர் போய்விட்டது.

மறுநாள் அந்த அரைத் தாளை அவளிடம் கொடுத்தேன். படித்தாள். எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. அதில் வெல்லப் பிசுக்கு இருந்தது, மோந்து பார்த்தாள். சாயங்காலம் என் பின்னாலேயே கடைக்கு வந்துவிட்டாள். அதுவரை எங்கள் கடை வாசலுக்கு அவள் வந்ததில்லை. படி ஏறாமல் கீழேயே நின்றாள்.

"இன்னா வேணும்மா?" என்றார் நைனா.

"என் நோட்டு."

நான் விஷயத்தைச் சொன்னேன். நைனா கெட்டவர் இல்லை. அதைச் சொல்லும்போதே எனக்குக் கோபம் வருகிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். ஐயோ பாவம் என்றார். அலமாரியிலிருந்து ஒரு புது நோட்டை எடுத்து, இருப்பதிலேயே தடிமனானதை எடுத்து, தூசியைத் தட்டி நீட்டினார்.

"இந்தா, எடுத்துக்க. காசு வேணாம். நல்லாப் படி."

அவள் வாங்கினாள். முதல் பக்கத்தைத் திறந்தாள். நடுப் பக்கத்தைத் திறந்தாள். கடைசிப் பக்கத்தையும் பார்த்துவிட்டு நோட்டைப் படியில் வைத்தாள்.

"இதுல ஒண்ணும் இல்லீங்க ஐயா" என்றாள். போய்விட்டாள்.

"திமிரப் பாரு. சும்மா குடுத்தா வேணாங்குது" என்றார் நைனா. நோட்டை எடுத்துத் துடைத்து மறுபடி அலமாரியில் வைத்தார்.

அதே வாரத்தில் டீச்சர் மிளகு வாங்க வந்தார். நைனா பொட்டலம் கட்டிக் கொடுத்தார். டீச்சர் அதைக் கையில் திருப்பிப் பார்த்துவிட்டு அங்கேயே நூலை அறுத்தார். மிளகைக் கைக்குட்டையில் கொட்டி முடிந்துகொண்டார். தாளை நீவி மடித்துப் பைக்குள் வைத்தார்.

"இன்னா டீச்சர், அளவு கொறையுதா?"

"இல்லீங்க. பேப்பர் வேணும்" என்றார்.

என் பக்கம் பார்க்காமல் போனார். வாசல் தாண்டும்போது மூக்கை உறிஞ்சினார். மிளகு காரணமாக இருக்கலாம் என்று அப்போது நினைத்தேன். கோடை லீவுக்கு முன்னால் மாற்றலாகிப் போனார். நாம் மாலை போட்டோம். பலகைக்காரி அன்றைக்கு வரவில்லை.

இப்போது புரிகிறது. பெரிய சாருக்குப் பயம், டீச்சருக்கு வேலை, நைனாவுக்கு வியாபாரம், அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம் இருந்தது. எல்லா நியாயத்தையும் சேர்த்துக் கட்டினால் ஒரு கற்பூரப் பொட்டலம் வந்தது.

நேற்று அந்தச் செய்தியைப் பார்த்ததும் பலகைக்காரிக்குப் போன் போட்டேன். நர்ஸ் வேலையிலிருந்து ரிடையர் ஆகி மகள் வீட்டில் இருக்கிறாள்.

"குரூப்ல பாத்தியா?"

"பாத்தேன்."

"இன்னா சொல்ற?"

"இன்னா சொல்றது. அரிசி ஊறப் போட்டுட்டாங்க. மறுபடியும் இட்லிதான்."

இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் அவளே சொன்னாள்.

"அந்த அரைத் தாள் இன்னும் வெச்சிருக்கேன்."

"எதுக்குடி?"

"தெரியல. கேள்வி இருக்குது. பதில்தான் போயிடுச்சு. ரொம்ப வருஷம் ஞாபகம் இருந்துச்சு. என் பொண்ணுக்குத் தல வாரும்போது அத சொல்லணும்னு நெனப்பேன். டியூட்டி, பஸ்ஸு, ஓட்டம். நாளைக்குச் சொல்லலாம்னே வுட்டுட்டேன். அப்புறம் ஒரு நாள் தேடினா இல்ல. எங்கம்மா மொகமும் இல்ல, அதுவும் இல்ல."

அந்த வயதில் அவளுக்கே தெரிந்ததை நான் எதற்குச் சொல்ல வேண்டும் என்று விட்டவள் நான். அவளுக்கு மறக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கூம்பாகச் சுருளுவதற்கு முன்னால் நான் படித்த அந்த ஒரு வரி எனக்கு இத்தனை வருஷமும் ஒரு எழுத்து குறையாமல் இருக்கிறது.

"எனக்குத் தெரியும்" என்றேன். சொன்னேன்.

அந்தப் பக்கம் மின்விசிறியை நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"இன்னொரு தபா சொல்லு."

சொன்னேன்.

"சரிதான். ஆனா எங்கம்மா கடைசியில இழுத்துச் சொல்லும்" என்றாள். இழுத்துச் சொல்லிக் காட்டினாள். எனக்கு இல்லை, அவளுக்கே.

மலருக்கு இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "இட்லிய எழுது. நாலுன்னு சொன்னத எழுது. அத மட்டும் எழுதாத" என்றாள். அதனால் அந்த வரி இங்கே இல்லை. அது உங்களுடையது இல்லை. என்னுடையதும் இல்லை, பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் கொடுத்து வைத்த மாதிரிதான்.

பிள்ளைகளுக்கு நோட்டு கொடுங்கள். எழுதச் சொல்லுங்கள். கீழே ஒரு கேள்வி எழுதத் தெரிந்த டீச்சராகப் பார்த்துப் பொறுப்பைக் கொடுங்கள். எழுதினதை விழா மேசையில் அடுக்காதீர்கள், வந்தவர்களுக்குக் காட்டாதீர்கள், வருஷம் முடிந்ததும் அந்தந்தப் பிள்ளை கையிலேயே கொடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். முடியாது என்றால் என் பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இதை மலரில் போடுவதானால் இப்படியே போடுங்கள். ஃபேர் பண்ணாதீர்கள்.